பழைய 486 கணினியின் கேஸில் புதுக் கணினி: ஆன் ஆகி நான்கு நொடியில் அணைகிறதா?

பவர் சுவிட்சை மாற்றுங்கள். நான்கே நொடியில் அணைகிறது என்றால் பெரும்பாலும் அதுதான் காரணம். 486 காலத்து ஏடி (AT) வகை கேஸின் பொத்தான், அழுத்தினால் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். இன்றைய மதர்போர்டுக்கு ஒரு கணத் தொடுகை போதும். நான்கு நொடிக்கு மேல் அழுத்தியபடியே இருந்தால் கணினியை அணைத்துவிடும்.

உறுதிசெய்ய, சுவிட்ச் வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். தொடர்ந்து ஓடினால் சுவிட்ச்தான். அப்போதும் அணைந்தால் சிபியு கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பொத்தானையே வைத்துக்கொள்ள ஆசை என்றால் ஒரு வழி உண்டு. பல சுவிட்சுகளின் பக்கவாட்டில் ஸ்டேப்ளர் முள் மாதிரி வளைந்த சின்னக் கம்பி இருக்கும். அதை உருவினால் பூட்டிக்கொள்ளாது. ஸ்பிரிங் தெறிக்கும், விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பி இல்லையா? சிங்கப்பூரின் சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் பூட்டாத புஷ் சுவிட்ச் கேட்டு வாங்கி, பொத்தானுக்குப் பின்னால் பொருத்துங்கள். முன்பக்கத்தில் மட்டும் துளை போடாதீர்கள். மஞ்சளேறிய அந்த முகப்புதான் அழகே.

அப்புறம், அந்தச் சுவிட்சில் முன்பு 230 வோல்ட் நேரடியாக ஓடியிருக்கும். பழைய பவர் சப்ளையின் தடித்த வயர்களை முழுவதும் அகற்றிய பிறகே போர்டோடு இணையுங்கள். ஒன்று தப்பினாலும் போர்டு போய்விடும், உங்களுக்கும் ஆபத்து.