டாய்லெட் கோப்பையில் உப்புக் கறை: ஆசிட் வாங்கும் முன்

கேள்வி: மேடவாக்கத்தில் வாடகை ஃபிளாட்டில் ஆறு வருடமாக இருக்கிறோம். முழுக்க போர் தண்ணீர். வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பையில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பழுப்பாக ஒரு வளையம், பின்பக்கச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு பட்டை, விளிம்புக்கு அடியில் வெள்ளையாகச் சொரசொரவென்று ஏதோ கட்டியிருக்கிறது. வாரம் இரண்டு முறை டாய்லெட் கிளீனர் ஊற்றித் தேய்க்கிறேன். பிளீச்சிங் பவுடரும் போட்டுப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் வெளிறுகிறது, சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. ஹார்டுவேர் கடைக்காரர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்கிறோம். அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களோ என்று கவலையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஆசிட்டைப் பற்றிப் பேசும் முன் ஓர் அவசர விஷயம். பிளீச்சிங் பவுடரும் டாய்லெட் கிளீனரும் ஒரே கோப்பையில் சந்திக்கவே கூடாது. கடையில் கிடைக்கும் நீல நிற டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது சுமார் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆள் திரும்பக்கூட இடமில்லாத நம் ஊர்க் குளியலறைகளில் அதைச் சுவாசிப்பது உயிருக்கே ஆபத்து. நெடி மூக்கைத் துளைத்தால் "நல்லா வேலை செய்யுது" என்று நினைத்து நிற்பவர்கள் உண்டு. தேய்ப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வர வேண்டிய நேரம் அது.

இன்னொன்று. பிளீச்சிங் பவுடரையே நீற்றிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றித்தான் தயாரிக்கிறார்கள். உங்கள் கோப்பையில் இருப்பது பெரும்பாலும் போர் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புக் கறை. அதைப் போக்கச் சுண்ணாம்பையே கொட்டியிருக்கிறீர்கள். அது கறைக்குள் சிக்கிய அழுக்கின் நிறத்தை வெளுக்குமே தவிர, கறையை ஒரு துளியும் கரைக்காது. வெளிறிய நிறம் சில நாளில் திரும்பி வருவது அதனால்தான்.

உங்கள் கோப்பையில் ஒட்டியிருப்பதைக் கல் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, பாறையில் உள்ள சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. போர் வழியாக மேலே வந்து காற்றுப் படும்போது அந்த வாயு பறந்துவிடும். கரைந்து வந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படியும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை ஓடு பிடிக்கிறதே, அதே சங்கதி. தண்ணீரில் இப்படிக் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, மெக்னீசியத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்று ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. 600 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் முழுதாக வற்றினால் அரை கிராமுக்கு மேல் கல் மிஞ்சும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்து "ஆயிரத்து இருநூறு காட்டுது, அதான் கறை" என்பார்கள். அந்த மீட்டர், கரைந்திருக்கும் எல்லா உப்பையும் கூட்டித்தான் காட்டும். கடலோரப் பக்கம் சாப்பாட்டு உப்பு கலந்த தண்ணீரும் அதில் அதிகமாகக் காட்டும், ஆனால் அது இப்படிக் கல் கட்டாது. கடினத்தன்மையைத் தெரிந்துகொள்ள அதற்கென்று தனி டெஸ்ட் கிட் இருக்கிறது. கிட் இல்லாவிட்டாலும் சோப்பு நுரைக்காததும் பருப்பு வேகாததும் போதும், சொல்லிவிடும்.

கல்லைக் கரைக்க அமிலம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. நீங்கள் ஊற்றிய கிளீனரிலும் அமிலம் இருந்தது. பிறகு ஏன் போகவில்லை? கோப்பையில் எப்போதும் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கிறது. நூறு மில்லி கிளீனரை அதில் ஊற்றினால் 10 சதவீதம் அரை சதவீதமாகிவிடும். பழுப்பு வளையம் இருப்பதோ சரியாக அந்தத் தண்ணீர் மட்டத்தில். போதாததற்கு, ஊற்றிய பத்து நிமிடத்தில் தேய்த்து ஃபிளஷ் செய்துவிடுகிறோம். கரைசல் நீர்த்துப்போகாமல் கறை மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு ராத்திரி முழுக்க. அப்படிச் செய்தால் கடைக்காரர் சொல்லும் ஆசிட்டுக்கு வேலையே இல்லை.

அந்த ஆசிட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், ஆனால் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம். அமில வீச்சு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டின்படி, வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் இதை விற்க வேண்டும். லேபிளே இல்லாத பாட்டிலில் ஊற்றித் தரும் சரக்கைத் தொடவே தொடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் என் வீட்டில் ஒரு மதியம் அந்த ஆசிட்டை ஊற்றிக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கோப்பை பளிச். ஆனால் குழாய், ஹெல்த் ஃபாசெட், டவல் கம்பி எல்லாம் பச்சை பூத்து நின்றன. அதன் புகை குரோம் பூச்சைத் தின்னும், திரவம் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டைத் தின்னும். மொசைக், மார்பிள் தரையில் சிந்தினால் அந்த இடம் பொரிந்தே போய்விடும். வாடகை வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் போக இதைவிட நல்ல வழி கிடைக்காது.

நான் சொல்வது சிட்ரிக் ஆசிட். பேக்கரிப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும், சில மளிகைக் கடைகளில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருவார்கள். சர்க்கரை மாதிரி வெள்ளைப் பொடி. கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வினிகரிலும் வேலை நடக்கும், ஆனால் அதில் இருப்பது நாலைந்து சதவீத அமிலம்தான், உங்கள் ஆறு வருடக் கல்லுக்கு அது காணாது. வினிகரோடு பேக்கிங் சோடா போட்டுப் பொங்கவிடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். நுரை பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

முதல் நாள் வேலை. கடைசியாக ஊற்றிய கிளீனர், பிளீச்சிங் எல்லாம் போகும்படி இரண்டு மூன்று முறை ஃபிளஷ் செய்யுங்கள். பிறகு தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, டேங்கில் மிச்சம் இருப்பதையும் ஃபிளஷ் செய்து காலி பண்ணுங்கள். கோப்பையில் நிற்கும் தண்ணீரை பிரஷ்ஷால் உள்பக்கமாக வேகமாகக் குத்தித் தள்ளினால் பாதிக்கு மேல் வளைவைத் தாண்டிப் போய்விடும். மிச்சத்தைப் பழைய மக்கால் மொண்டு, பழைய துணியால் ஒற்றி எடுங்கள். வளையம் முழுதாக வெளியே தெரிய வேண்டும். மொண்டு எடுக்கும் இந்த வேலையைத்தான் எல்லோரும் அருவருப்புப் பட்டு விட்டுவிடுகிறார்கள். கையுறை போட்டுக்கொண்டால் ஐந்து நிமிட வேலை.

அரை லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் கரையுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் விரிசல் விடலாம். பழைய வேட்டித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, கரைசலில் நனைத்து, வளையத்தின் மேலும் பின்சுவர்ப் பட்டையின் மேலும் ஒட்டிவிடுங்கள். டிஷ்யூ பேப்பரும் ஒட்டும், வேட்டித் துணி ஈரத்தைக் கூடுதல் நேரம் பிடித்துவைக்கும். மிச்சக் கரைசலைக் குழியில் ஊற்றிவிட்டு மூடியைச் சாத்துங்கள். ராத்திரி பத்து மணிக்குச் செய்தால் காலை வரை தொட வேண்டாம். யாராவது தெரியாமல் போய்விடாமலிருக்க கதவில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். வீட்டில் ஒரே டாய்லெட் என்றால் பகலில் எல்லோரும் வெளியே போகும் நாலைந்து மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலையில் துணிகளை எடுத்துக் குப்பையில் போடுங்கள், உள்ளே தள்ளி அடைப்பு உண்டாக்கிவிடாதீர்கள். பிரஷ்ஷால் தேய்க்கும்போது கல் மாவு மாதிரி உதிரும். கோப்பை வெள்ளையாகத் தூள் பூத்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். சுண்ணாம்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து உண்டாகும் உப்பு தண்ணீரில் லேசில் கரையாது, அதைத் தேய்த்துத்தான் கழுவ வேண்டும். ஆறு வருடக் கறை ஒரே ராத்திரியில் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு நாள் விட்டு இன்னொரு முறை, தேவைப்பட்டால் மூன்றாவது முறையும் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு கழன்று வரும்.

விளிம்புக்கு அடியில் கட்டியிருக்கும் வெள்ளைப் படிவுக்கும் இதே துணிப் பட்டைதான், கயிறு மாதிரி முறுக்கி இடுக்கில் அடைத்துவிட வேண்டும். அங்கே தண்ணீர் வரும் ஓட்டைகள் வரிசையாக இருக்கும். பாதி ஓட்டை அடைத்துக்கொண்டால் ஃபிளஷ் சரியாகச் சுழலாது, அழுக்கு நிற்கும், கறை இன்னும் வேகமாகப் பிடிக்கும். காலையில் ஒரு பழைய கண்ணாடியைக் கீழே பிடித்து ஓட்டைகளைப் பாருங்கள். அடைத்திருந்தால் மரக்குச்சியால் குத்துங்கள், கம்பி வேண்டாம்.

வெள்ளை எல்லாம் கரைந்த பிறகும் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பு நிறம் நின்றால் அது இரும்பு. பல போர் தண்ணீரில் இரும்பு கரைந்தே வரும், காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். பிளீச்சிங் போட்டால் அந்தத் துரு இன்னும் அழுத்தமாகும். இரும்புக்கு ஆக்ஸாலிக் ஆசிட் நன்றாகக் கேட்கும். ஆனால் அது விஷம், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பொட்டலம் கட்டி வைக்கக்கூடாத பொருள். முதலில் சிட்ரிக்கையே இன்னொரு ராத்திரி போட்டுப் பாருங்கள், மெதுவாக என்றாலும் அதுவும் துருவை இழுக்கும்.

எந்த அமிலத்துக்கும் மசியாமல் திட்டுத்திட்டாகச் சில இடம் நிற்கலாம். மணலில் இருக்கும் சிலிக்கா தண்ணீரில் கரைந்து வந்து படிந்தால் அப்படித்தான். அங்கே மட்டும், குதிகால் தேய்க்கும் நுரைக்கல்லில் புதிதாக ஒன்று வாங்கி, கல்லையும் பீங்கானையும் நன்றாக நனைத்துக்கொண்டு மெதுவாகத் தேய்க்கலாம். உலர்ந்த கல்லால் தேய்த்தால் பளபளப்பு போய்விடும். ஸ்டீல் நார், உப்புக் காகிதம், கத்தி முனை எதுவும் வேண்டாம். மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு ஒரு முறை கீறிவிட்டால், கீறலுக்குள் கல் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். சுத்தமான பிறகும் விரல் வைத்தால் சொரசொரப்பாகவே இருக்கிற கோப்பைகளைப் பார்த்திருக்கிறேன். பூச்சே போன கோப்பைகள் அவை. அவற்றுக்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி: பின்சுவரில் மேலிருந்து கீழே ஒரு பட்டை. ஃபிளஷ் செய்யும்போது தண்ணீர் சுற்றிலும்தான் வரும். ஒரே இடத்தில் பட்டை விழுகிறது என்றால், ஃபிளஷ் டேங்கிலிருந்து தண்ணீர் இரவும் பகலும் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கிறது. சத்தம்கூடக் கேட்காது. சோதிப்பது சுலபம். டேங்க் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு சொட்டு நீலம் விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை கேசரி பவுடர். அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருந்துவிட்டு வந்து பாருங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால், டேங்கின் அடியில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. பிளம்பர் வந்தால் அரை மணி நேர வேலை. இதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை தேய்த்தாலும் பட்டை திரும்ப வரும். பழுப்பு வளையத்துக்கும் இந்த ஒழுக்கு தினமும் தீனி போடுகிறது. ஒழுக்கை நிறுத்தாமல் கறையை மட்டும் தேய்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து டாய்லெட்டுக்கு ஊற்றுகிறீர்களா? பல வீடுகளில் செய்கிறார்கள், சிக்கனம்தான், தப்பில்லை. ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, உங்கள் போர் தண்ணீரைவிட அது இன்னும் கடினம். அதை ஊற்றிய பிறகு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் கிடைத்தால் ஒரு மக் ஊற்றி முடியுங்கள். ஏ.சி. தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது.

கறை போன பிறகு வாரம் ஒரு ராத்திரி இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டைக் குழியில் தூவி, வளையம் வரும் இடத்தில் பிரஷ்ஷால் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் படுத்தால் போதும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டுக்கும் இந்த அளவு ஒன்றும் செய்யாது. டேங்குக்குள் போடும் நீல மாத்திரைகளை நான் சிபாரிசு செய்வதில்லை. குளோரின் கலந்தவை ரப்பர் வாஷரைத்தான் முதலில் கெடுக்கும், அப்புறம் மறுபடி ஒழுக்கு.

அட்வான்ஸ் விஷயம். கையில் ஒரு மாதம் இருக்கிறது, மூன்று ராத்திரி வேலைக்குத் தாராளம். சொட்டு நீலச் சோதனையை இன்றைக்கே செய்து, நிறம் இறங்குவதை ஒரு ஃபோட்டோ எடுத்து வீட்டு ஓனருக்கு அனுப்பி, வாஷர் மாற்றித் தரச் சொல்லுங்கள். தேய்ந்துபோன வாஷரும் போர் தண்ணீரின் கடினமும் நீங்கள் கொண்டுவந்து வைத்தவை அல்ல என்பது அவருக்கும் அப்போதே எழுத்தில் போய்விடும். வாஷர் மாற்றிய பிறகு துணிப் பட்டையை ஆரம்பியுங்கள்.