கியூஎஸ் பட்டியலில் பெயர் இல்லாத கல்லூரிக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1,600 பேர் மட்டும் படிக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, கணினி விஞ்ஞானம் படிக்க இடமும் ஆண்டுக்கு 40,000 டொலர் புலமைப்பரிசிலும் தருகிறது. தேசியத் தரவரிசையில் 90ஆம் இடம், ‘பெஸ்ட் வெல்யூ’, சமூக முன்னேற்றத்தில் முன்னணி என்று மூன்று முத்திரைகளையும் கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் அண்ணா, “கியூஎஸ் பட்டியலில் பெயரே இல்லை, ஏமாந்து போகாதே” என்கிறார். மாமி, “கணக்குப் படித்த பிள்ளையை ஆர்ட்ஸுக்கா அனுப்பப் போறாய்?” என்று கேட்கிறா. மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும்.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணா அக்கறையோடுதான் தேடியிருக்கிறார். ஆனால் தேடிய இடம் பிழை. கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம்பெற, இளங்கலையும் முதுகலையும் இரண்டுமே கற்பிக்கும் நிறுவனமாக இருக்க வேண்டும். டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் என்ற இன்னொரு உலகப் பட்டியலுக்கு ஐந்தாண்டில் குறைந்தது 1,000 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். இளங்கலை மாணவருக்குக் கற்பிப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட சின்னக் கல்லூரி இந்த வாசல்களுக்குள் நுழையவே முடியாது. அமெரிக்காவில் இந்த வகையின் உச்சியில் இருக்கும் வில்லியம்ஸ் கல்லூரியைக்கூட கியூஎஸ் உலகப் பட்டியலில் காண மாட்டீர்கள்.

மாமியின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. இங்கே ‘ஆர்ட்ஸ்’ என்றால் உயர்தரக் கலைப்பிரிவு, ‘கல்லூரி’ என்றால் ரோயல் கல்லூரி, இந்துக் கல்லூரி போன்ற பாடசாலை. அங்கே இரண்டு சொல்லுக்கும் பொருள் வேறு. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் பௌதிகம், உயிரியல், கணிதம், கணினி விஞ்ஞானம் எல்லாம் உண்டு. முதல் இரண்டு ஆண்டில் பல துறைப் பாடங்களைத் தொட்டுவிட்டு, பிறகு ஒன்றை ஆழமாகப் படிப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்த வகை முற்றிலும் புதிதும் அல்ல. 1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் சிலர் கூடிச் செய்த பிரார்த்தனையின் தொடர்ச்சியாக உருவானதுதான் அமெரிக்க மிஷன். அந்த மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியது. கணிதமும் வானியலும் தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்பட்ட இடம் அது.

இனி அந்த 90. அது அமெரிக்காவின் யூ.எஸ். நியூஸ் நிறுவனம் போடும் தரவரிசையாக இருந்தால், 1983 முதல் வரும் பட்டியல் அது. அதில் தேசியப் பல்கலைக்கழகம், தேசிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, பிராந்தியப் பல்கலைக்கழகம், பிராந்தியக் கல்லூரி என நான்கு தனித்தனி வரிசைகள் உண்டு. பிராந்திய வரிசையில் 8ஆம் இடம் எடுத்த கல்லூரியும் ‘எட்டாவது’ என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளும். உங்கள் மகளின் கல்லூரி தேசிய வரிசையில் நிற்கிறது. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் இருக்கும் அதே வரிசையில், இருநூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்குள் 90 என்பது மரியாதையான இடம்தான். ஆனால் 90க்கும் 78க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நடுப்பகுதியில் கல்லூரிகள் நெருக்கமாக நிற்கின்றன, ஒரே இடத்தைப் பலர் பகிர்வதும் சாதாரணம். மொத்தப் புள்ளியில் 20 வீதம் மற்றக் கல்லூரி நிர்வாகிகள் சொல்லும் அபிப்பிராயம். கணக்கிடும் முறையும் மாறும். 2023இல் வகுப்பின் அளவு கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டது. சின்ன வகுப்புதான் சின்னக் கல்லூரியின் பெரிய பலம் என்பதால், கற்பித்தலில் எதுவும் மாறாமலே பல கல்லூரிகளின் இடம் சரிந்தது. கொடுக்கும் தரவும் எப்போதும் சுத்தம் அல்ல. 2022இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் கொடுத்த எண்கள் பிழை என்று அதன் கணிதப் பேராசிரியர் ஒருவரே காட்டியபின், அது 2ஆம் இடத்திலிருந்து 18க்கு விழுந்தது. ரீட் கல்லூரி 1995 முதல் தரவு கொடுக்கவே மறுத்து வருகிறது.

மற்ற இரண்டு முத்திரைகளில்தான் கவனம் வேண்டும். அவை பொய் அல்ல. ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் மகள் இல்லை. சமூக முன்னேற்றத் தரவரிசை, பெல் உதவித்தொகை பெறும் மாணவர் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள் என்று பார்க்கிறது. பெல் என்பது வருமானம் குறைந்த அமெரிக்க மாணவருக்கு மத்திய அரசு கொடுப்பது. மாணவர் விசாவில் போகும் பிள்ளைக்குக் கிடைக்காது. ‘பெஸ்ட் வெல்யூ’ கணக்கும், தேவை பார்த்துக் கொடுக்கும் உதவி போக மிஞ்சும் சராசரிச் செலவை வைத்துத்தான் போடப்படுகிறது. அந்த உதவியில் பெரும்பகுதி உள்நாட்டு மாணவருக்கே போகிறது. ஆக, யாரோ ஒரு பென்சில்வேனியாப் பிள்ளைக்கு மலிவான கல்லூரி உங்களுக்கும் மலிவாக இருக்கும் என்று இல்லை.

இன்றிரவே மகளோடு உட்கார்ந்து ‘கொலேஜ் நெவிகேட்டர்’ என்ற அமெரிக்க அரசுத் தளத்தைத் திறவுங்கள். இலவசம், பதிவும் தேவையில்லை. கல்லூரியின் பெயரைப் போட்டால் பட்டியல் விரியும். முதலில், முதலாம் ஆண்டு முடித்தவர்களில் எத்தனை வீதம் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பினார்கள் என்று பாருங்கள். 85க்கு மேல் இருந்தால் நிம்மதி, 75க்குக் கீழ் என்றால் காரணம் கேட்க வேண்டும். அடுத்தது பட்டம் பெறும் வீதம். பெரிதாகக் காட்டுவது ஆறு ஆண்டுக் கணக்கு. உங்களுக்கு வேண்டியது நான்கு ஆண்டுக் கணக்கு, ஏனெனில் ஐந்தாம் ஆண்டு என்றால் இன்னொரு முழுக் கட்டணம். அதே பக்கத்தில் இனவாரியாக ஒரு வரைபடம் இருக்கும். அதில் ‘நொன்ரெசிடென்ட்’ என்ற கோடு வெளிநாட்டு மாணவருடையது. மொத்த வீதம் 78ஆக இருக்க அந்தக் கோடு 55இல் நின்றால், பிள்ளைகள் பணம் முடிந்தோ பொருந்தாமலோ இடையில் விலகுகிறார்கள். ஆனால் அந்த ஆண்டில் வெளிநாட்டவர் பத்துப் பேர்தான் என்றால், இருவர் விலகினாலே 20 வீதம் குறையும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பிறகு பாடவாரியான பட்டங்களின் எண்ணிக்கைக்குப் போங்கள். கடந்த ஆண்டு கணினி விஞ்ஞானத்தில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள்? 25 என்றால் துறை உயிரோடு இருக்கிறது. 4 என்றால் விரிவுரையாளர் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். ஒருவர் விடுமுறையில் போனால் ஒரு கட்டாயப் பாடம் அந்த ஆண்டே நடக்காது. இந்த ஒன்றை எந்தத் தரவரிசையும் உங்களுக்குச் சொல்லாது.

பணத்துக்கு வருவோம். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் ‘கொமன் டேட்டா செட்’ என்ற தரவு ஆவணத்தை வெளியிடும். அதில் எச்6 பகுதி வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு, சராசரி எவ்வளவு உதவி கொடுத்தார்கள் என்று சொல்லும். மகளுக்குத் தந்த 40,000 அந்தச் சராசரிக்கு மேலா கீழா என்று பாருங்கள். கீழே என்றால், கூட்டித் தரும்படி மரியாதையாக எழுதிக் கேட்பதில் பிழையில்லை. அடுத்து இந்தக் கணக்கு. கட்டணமும் விடுதியும் சாப்பாடும் சேர்த்து முதலாண்டு 70,000 டொலர் என்று வைப்போம். புலமைப்பரிசில் போக 30,000. நான்காண்டுக்கு 1,20,000 என்றுதான் எல்லோரும் பெருக்குவார்கள். ஆனால் கட்டணம் ஆண்டுக்கு 4 வீதம் ஏறி, புலமைப்பரிசில் அப்படியே நின்றால், நீங்கள் கட்டுவது 30,000, 32,800, 35,712, 38,740. மொத்தம் 1,37,252. காப்புறுதி, விமான ரிக்கெற், ரூபாயின் இறக்கம் எல்லாம் இதற்கு வெளியே. புலமைப்பரிசிலைத் தக்கவைக்க எந்தப் புள்ளிச் சராசரி வேண்டும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். முதல் தவணைப் படிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கஷ்டம்.

அங்கீகாரம் தரவரிசையிலிருந்து தனி விடயம், அதைவிட முக்கியமும்கூட. பென்சில்வேனியாக் கல்லூரி என்றால் வழமையாக ‘மிடில் ஸ்டேட்ஸ்’ ஆணைக்குழுவின் அங்கீகாரம் இருக்கும். அதன் தளத்தில் பெயரைத் தேடி, எச்சரிக்கை ஏதும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மகள் திரும்பி வந்து இங்கே அரச வேலைக்கு விண்ணப்பித்தால், வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்பார்கள். சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கைநூலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்பதுதான் அங்கே முக்கியம். 90ஆம் இடமா 30ஆம் இடமா என்று பார்ப்பதில்லை.

சின்னக் கல்லூரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மாணவர் குறைந்து, சேமிப்பு நிதியும் கரைந்தால் மூடிவிடுவார்கள். நியூயோர்க் மாநிலத்தின் வெல்ஸ் கல்லூரி 2024இல் அப்படித்தான் மூடப்பட்டது. அமெரிக்கக் கல்வித் திணைக்களம் தனியார் கல்லூரிகளுக்கு நிதிநிலைப் புள்ளி போடுகிறது. உச்சம் 3, தேற 1.5 வேண்டும். அந்தப் புள்ளி 1.5க்குக் கீழ் என்றால், எத்தனை முத்திரை இருந்தாலும் நாங்கள் அனுப்பச் சொல்ல மாட்டோம்.

இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பும் வீதமும் பட்டம் பெறும் வீதமும் துறையின் அளவும் நிதிநிலையும் சரியாக இருந்து, நான்காண்டுக் கணக்கும் உங்கள் கைக்குள் அடங்கினால், அண்ணாவுக்கு விளக்கிச் சொல்லி அனுப்புங்கள். விரிவுரையாளர் பெயர் சொல்லிக் கூப்பிடும் 15 பேர் வகுப்பு, ஒதுங்கிப்போகும் சுபாவமுள்ள பிள்ளைக்கும் கேள்வி கேட்கும் பிள்ளைக்கும் பெரிய வரம். இடம் தேடித் தந்தது முகவர் நிலையம் என்றால், அவர்கள் சொல்வதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். வெளிநாட்டு மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குத் தரகு கொடுக்க அமெரிக்கச் சட்டத்தில் தடையில்லை. கொழும்பில் அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் கல்வி ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. அங்கேயும் ஒருமுறை பேசுங்கள்.

புலமைப்பரிசில் நிபந்தனை, கடந்த இரண்டு ஆண்டில் நடந்த கணினிப் பாடங்களின் நேரசூசி, இடத்தை உறுதிசெய்யக் கட்டும் வைப்புப்பணம் திரும்பக் கிடைக்குமா என்ற மூன்றையும் மகளே தன் பெயரில் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேட்கட்டும். ஏப்ரலில் அவர்களின் காலை ஒன்பது மணி நமக்கு மாலை ஆறரை, தொலைபேசியில் பேசுவதானால் அந்த நேரம் எடுங்கள். வங்கி அட்டையின் வெளிநாட்டுக் கொடுப்பனவு எல்லையையும் முன்கூட்டியே வங்கியில் கேட்டு வையுங்கள். அந்த எல்லையால் கடைசி இரவில் வைப்புப்பணம் நிராகரிக்கப்படலாம்.