டியூக் எலிங்டன், ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல்: கேள்வி பதில்

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஒரு பெரிய ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் எலிங்டன். அவர் இரண்டு மூன்று பேரோடோ தனியாகவோ பியானோ வாசிப்பதைக் காட்டும் படங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கே: எதிலிருந்து தொடங்கலாம், சார்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (மதுரை)

1966-இல் எடுத்த மூவர் குழுப் படம். தெற்குப் பிரான்சில் சென்-போல்-த-வான்ஸ் என்ற ஊரில் மேக் அறக்கட்டளையின் சிற்பத் தோட்டம் இருக்கிறது. ஸ்பானியக் கலைஞர் ஜோன் மிரோவின் சிலைகள் நிற்கும் அந்த இடத்தில் வெட்டவெளியில் வாசிக்கிறார்கள். பாஸில் ஜான் லாம்ப், ட்ரம்ஸில் சாம் வுட்யார்ட். எடுக்க ஏற்பாடு செய்தவர் ஜாஸ் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ். மிரோவும் கூடவே இருக்கிறார்.

அதில் வரும் ப்ளூஸை முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை இடது கையை மட்டும் பாருங்கள். எலிங்டன் இளைஞராக இருந்தபோது பியானோக் கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' உருளையைத் தானியங்கிப் பியானோவில் மெதுவாக ஓடவிட்டு, தானாக அமுங்கும் கட்டைகளின் மேல் விரல் வைத்துப் படித்தவர். ஸ்ட்ரைட் பாணி, அதாவது இடது கை கீழே ஒரு சுரம், மேலே ஒரு கொத்து (பல சுரம் சேர்ந்த கார்டு) என்று தாவிக்கொண்டே இருப்பது, அவருக்கு அத்துபடி. ஆனால் 67 வயதில் அந்தத் தாவலைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார். ஒரு கனமான கொத்தை அடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அந்த இடைவெளியில் லாம்ப்பும் வுட்யார்டும் நிரப்பட்டும் என்று காத்திருக்கிறார். பெரிய குழுவில் ட்ராம்போன்களுக்குச் சைகை காட்டுவது போலத்தான் இதுவும். எலிங்டன் நல்ல குழுத்தலைவர், பியானோ சுமார் என்று இன்றும் சொல்பவர்கள் இந்த ஒரு படத்தைப் பார்த்தால் போதும். அந்தப் பேச்சு எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது.

கே: 1942-இன் 'ஜாம் செஷன்' படத்தில் பாஸ் வாசிப்பது ஜிம்மி பிளாண்டனா?

இல்லை, ஜூனியர் ராக்லின். எலிங்டன் குழுவில் அவருக்கு முன் பாஸ் வாசித்த பிளாண்டன் அப்போது காசநோயில் இருந்தார். 1942 ஜூலையில் இறந்தார்.

கே: அதே படத்தில் ரே நான்ஸ் இடது கையால் வில்லைப் பிடித்து வயலின் வாசிக்கிறாரே?

உங்களிடம் இருப்பது இடவலம் மாறிய பிரதி. இது 'சவுண்டி' என்ற மூன்று நிமிடப் படவகை. அந்தக் காலத்து மதுக்கடைகளில் 'பேனரம்' என்ற பெட்டி இருக்கும். பத்து சென்ட் போட்டால் ஒரு படம் ஓடும். ஒரு சுருளில் எட்டுப் படம், உங்களுக்கு எது வருமோ அதைத்தான் பார்க்க வேண்டும். படம் பெட்டிக்குள் கண்ணாடிகளில் பட்டு, பிறகு திரைக்கு வருவதால், பிரதியையே திருப்பி அச்சிட்டார்கள். சாதாரணப் புரொஜெக்டரில் ஓட்டினால் எல்லாம் மாறித் தெரியும். எந்தப் படம் கிடைத்தாலும் முதலில் கோட்டுப் பையைப் பாருங்கள், அது இடது மார்பில் இருக்க வேண்டும். அப்புறம்தான் விரலைப் பார்ப்பது.

கே: அந்தப் பாட்டை என் கீபோர்டில் சேர்த்து வாசித்தால் ஒட்டவே இல்லை. (திருச்சி)

நான் எப்போதும் சொல்லும் எச்சரிக்கை இதுதான்: சுருதியைச் சோதியுங்கள். நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓட வேண்டிய படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக 25-இல் ஓட்டிப் பதிவு செய்த பிரதிகள் நிறைய உண்டு. வேகம் 4 சதவீதம் கூடும், சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். 'ஜாம் செஷன்' படத்தில் வாசிப்பது 'சி ஜாம் ப்ளூஸ்', பெயரிலேயே சுருதி இருக்கிறது: சி, நம் கணக்கில் ஒரு கட்டை. மெட்டில் இருப்பவை பஞ்சமமும் ஷட்ஜமும் மட்டும், இரண்டே சுரம். சோதிக்க இதைவிட எளிய பாட்டு கிடையாது.

கே: சவுண்டிகளில் ஒலியை முன்பே பதிவு செய்துவிட்டுப் பிறகு நடிப்பார்களாமே. நம் சினிமாவில் பின்னணிப் பாட்டுக்கு வாயசைப்பது போல. இதைப் போய் நிகழ்ச்சி என்கிறீர்களே?

ஆமாம், முன்பதிவுதான். 1941 கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் எலிங்டன் குழு எடுத்த ஐந்து சவுண்டிகளும் அப்படித்தான். ஆனால் பின்னணிப் பாட்டில் குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. இங்கே பென் வெப்ஸ்டரின் சாக்ஸபோனுக்கு நிற்பது பென் வெப்ஸ்டரேதான். ரெக்ஸ் ஸ்டூவர்ட், ஜோ நான்டன், பார்னி பிகார்ட், சனி கிரியர் எல்லாரும் தங்கள் சொந்த வாசிப்புக்குத்தான் அசைகிறார்கள்.

கே: அப்படியானால் விரலைப் பார்த்துக் கற்கலாமா?

கூடாது. விரல் ஒலிக்குப் பின்னால் ஓடுகிறது.

கே: நீங்களே முரண்படுகிறீர்கள். விரல் பொய் என்றால் படமும் பொய்தானே? (யாழ்ப்பாணம்)

இதே கருத்தில் இன்னும் நாலு பேர் எழுதியிருக்கிறார்கள், சேர்த்தே பதில் சொல்கிறேன். பென் வெப்ஸ்டரும் நான்டனும் ஒரே சிறு குழுவில் நிற்பதைக் காட்டும் படம் நமக்கு எத்தனை இருக்கிறது? நான்டன் 1946-இல் இறந்துவிட்டார். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் எப்படிக் கேட்டு நிற்கிறார், பியானோவிலிருந்து எலிங்டன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், இவை கேமரா முன்னால் நடந்தவை. வாசிப்பு நுட்பத்துக்கு இது சாட்சி ஆகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மனிதர்களுக்குச் சாட்சி. யாழ்ப்பாண நண்பரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் மதுரைக்காரருக்கு 1966 படத்தைச் சொன்னேன். கணினியில் வண்ணம் பூசி, முகத்தை மெழுகிய பிரதிகளை மட்டும் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். அவற்றில் முகமும் அவர்களுடையது இல்லை.

கே: லிங்க் அனுப்ப முடியுமா?

எட்டாவது தடவை. அனுப்புவதில்லை. பெயரும் ஆண்டும் கொடுத்திருக்கிறேன், தேடுங்கள். கிடைத்ததும் கோட்டுப் பை, சுருதி.

கே: இதற்கெல்லாம் முந்திய படம் எது?

1929-இன் 'பிளாக் அண்ட் டான்', டட்லி மர்ஃபி இயக்கியது. தொடக்கத்தில் ஓர் அறையில் எலிங்டன் பியானோவில், ஆர்தர் வெட்சல் ட்ரம்பெட்டில், இருவர் மட்டும் ஒத்திகை பார்க்கிறார்கள். தவணை கட்டாததால் பியானோவைத் தூக்கிப் போக இரண்டு ஆட்கள் வருகிறார்கள். அந்த ஆட்களைக் காட்டிய விதம் கறுப்பினத்தவரை இழிவுபடுத்துவது, பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அவர்களுக்கு நடுவே எலிங்டன் அமைதியாகத் தன் இசையை விளக்கிக்கொண்டிருக்கிறார். பேசும் படம் வந்து இரண்டே ஆண்டு ஆன காலத்தில் ஒரு கறுப்பின இசையமைப்பாளரை இசையமைப்பாளராகவே காட்டியது பெரிய விஷயம்.

கே: சென்னைக்கு வந்தாராமே?

1963 சுற்றுப்பயணத்தில் வந்தார். அது முழு ஆர்க்கெஸ்ட்ரா, இன்றைய பேச்சில் சேராது.

கே: தனியாக, முன்தயாரிப்பு இல்லாமல் வாசித்தது ஏதாவது?

1969 ஏப்ரல் 29, அவருடைய எழுபதாம் பிறந்தநாள். வெள்ளை மாளிகையில் நிக்சன் சுதந்திரப் பதக்கம் கொடுத்த இரவு. கடைசியில் பியானோ முன் உட்கார்ந்து, ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அதன்மேல் கற்பனை செய்கிறேன் என்று சொல்லி, 'பாட்' என்று அதிபரின் மனைவி பெயரில் அந்த இடத்திலேயே ஒன்றை வாசித்தார். மென்மையான சிறு துண்டு. கேட்கும்போது ஒவ்வொரு கொத்துக்கும் பிறகு அவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கவனியுங்கள். மிரோ தோட்டத்தில் லாம்ப்புக்கும் வுட்யார்டுக்கும் விட்ட அதே இடைவெளி. இங்கே நிரப்ப யாரும் இல்லை, இருந்தும் விடுகிறார்.