தள்ளாடும் விலங்கு, பெயர் தெரியாத வைரஸ்

கேள்வி (வாசகி, கடலூர் முதுநகர்): மிருகக்காட்சி சாலையில் விலங்குகள் தள்ளாடிச் சாகின்றன. வெறிநோய்ச் சோதனையில் ஒன்றும் இல்லை. யாரும் பார்த்திராத வைரஸ் என்றால் எதை வைத்துத் தேடுவார்கள்?

பதில்: முதல் தடயம் மைக்ராஸ்கோப்பில் கிடைக்கும். மூளையின் ரத்தக்குழாய்களைச் சுற்றி லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் வளையம் வளையமாக மொய்த்திருந்து, சீழ் இல்லையென்றால் வைரஸ் மேல் சந்தேகம் விழும். பிசிஆர் சோதனை, தெரிந்த கிருமியைத்தான் பிடிக்கும். அதனால் திசுவில் உள்ள ஆர்என்ஏ முழுவதையும் வரிசைப்படுத்தி (அதாவது மரபெழுத்துகளை வரிசையாகப் படித்து), விலங்கின் சொந்த மரபணுவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தேடுவார்கள். மிச்சம் சொற்பம்தான். அதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் புதிய வைரஸ் நழுவிவிடும்; புரத வரிசையாக மாற்றி ஒப்பிட்டால்தான் தூரத்து உறவு தெரியும். ரீஏஜென்ட்டிலேயே (சோதனை ரசாயனத்திலேயே) கிருமித் துணுக்கு இருக்கலாம் என்பதால், திசு இல்லாத வெறும் மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்ட வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு மிருகக்காட்சி சாலையில் கழுதை, கேப்பிபாரா (பெரிய கொறிவிலங்கு), வாலபி (சிறிய கங்காரு) மூன்றின் மூளையிலும் இப்படித்தான் ரஸ்ட்ரெலா என்ற புது வைரஸ் சிக்கியது, 2020ல் அறிவித்தார்கள். நம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறோமே, அந்த ரூபெல்லாவுக்குப் பங்காளி. மூளையில் இருப்பதாலேயே அதுதான் கொன்றது என்றாகிவிடாது. நரம்பு செல்லுக்குள்ளேயே அதன் ஆர்என்ஏ இருப்பதைச் சாயமேற்றிக் காட்டினார்கள். அங்கே சுற்றித் திரிந்த காட்டெலிகளிடமும் அது இருந்தது, மூளை அழற்சி இல்லாமலே.

ஸ்வீடனில் பூனைகளுக்கு வரும் தள்ளாட்ட நோய்க்கு வெகுகாலம் போர்னா வைரஸ்மேல்தான் பழி. 2023ல்தான் ரஸ்ட்ரெலா என்று தெரிந்தது. ஜெர்மனியில் கிடைத்த முதல் ரஸ்ட்ரெலாவுக்குச் செய்த பிசிஆர் அங்கே உதவவில்லை. ரஸ்ட்ரெலாவின் எல்லா வகைக்கும் பொதுவான பகுதியைக் குறிவைத்துப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

கேள்வி (கால்நடை உதவியாளர், புதுச்சேரி): காப்பகத்தில் மான் இறந்தால் மூளையை எப்படி அனுப்புவது?

பதில்: முதலில் வனத்துறைக்குத் தகவல். எதுவானாலும் வெறிநோய் என்று வைத்துக்கொண்டே கையாளுங்கள்: தடுப்பூசி போட்டவர்தான் தொட வேண்டும், இரட்டைக் கையுறை, முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி. மின் ரம்பம் வேண்டாம், துகள் தெறிக்கும்.

பெருமூளையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை 10% பார்மலினில் போடுங்கள் (கடைப் பார்மலின் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு; திசுவைப்போல் 10 மடங்கு). மறு பாதி பார்மலின் படாமல் ஐஸில். மூளைத்தண்டை (மூளை தண்டுவடத்தோடு சேரும் அடிப்பகுதி) நீளவாக்கில் பிளக்காதீர்கள். வெறிநோய்ச் சோதனைக்கு அதன் முழுக் குறுக்குவெட்டு வேண்டும், அதையும் ஐஸிலேயே வையுங்கள். பார்மலின் பாதியை ஃப்ரீசரில் வைத்தால் பனித்துகள் செல்லைக் கிழித்துவிடும். அந்தத் தப்புதான் அடிக்கடி நடக்கிறது. எங்கே அனுப்புவது என்று குரும்பாபேட்டை கால்நடைக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.