திருமலையில் சிறு படகுத்துறை நடத்துவது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் இருபது சொச்சம் படகுகள் கட்டி வைக்கும் ஒரு சின்னத் துறையைப் பார்த்துக்கொள்கிறேன். மீன்பிடி போட், சுற்றுலாப் போட், ஓய்வுபெற்றவர்கள் ஆசைக்கு வைத்திருக்கும் பாய்ப்படகு என்று எல்லாம் கலந்த இடம். இதைப் பற்றி யாரும் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: அண்ணா, அப்பாவின் காணி தண்ணீரோரம் இருக்கிறது. பத்துப் படகு கட்ட ஒரு ஜெட்டி (படகணையும் மேடை) போடலாம் என்று யோசிக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

ஜெட்டியிலிருந்து தொடங்க வேண்டாம் தம்பி. முதலில் கடதாசி வேலை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தில் கரையோர வலயம் என்று ஒன்று இருக்கிறது. சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றர், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடல் பக்கம் 2 கிலோமீற்றர். அதற்குள் எதைக் கட்டுவதானாலும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அப்பாவின் உறுதி (பத்திரம்) காணிக்குத்தான். தண்ணீருக்கு யாரிடமும் உறுதி இல்லை. உட்துறைமுகப் பக்கம் என்றால் துறைமுக அதிகாரசபையும் கடற்படையும் வேறு இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் போய் முதலில் கதையுங்கள். யாரிடம் அடுத்துப் போவது என்று அங்கேயே சொல்வார்கள்.

கடதாசி வந்த பிறகும் உடனே ஜெட்டி வேண்டியதில்லை. நாலைந்து போயா (படகு கட்டும் மிதவை) போட்டு, கரைக்கு வர ஒரு சின்னத் தோணி வைத்தால் ஒரு வருடம் ஓட்டலாம். அந்த ஒரு வருடத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மழைத்தண்ணீர் எதால் இறங்குகிறது, யார் காசு தருகிறார், யார் தரமாட்டார் எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் ஜெட்டி போட்டால் சரியான இடத்தில் போடுவீர்கள். திருமலையில் ஒரு வசதி, ஏற்றவற்று (கடல் ஏறி இறங்கும் அளவு) ஒரு மீற்றரை எட்டாது. ஆகவே விலை கூடிய மிதக்கும் மேடை தேவையில்லை, நிலையான மரப்பலகை ஜெட்டியே போதும்.

இன்னொன்று. முதலில் வந்து கட்டும் ஐந்து பேர் எப்படிப்பட்டவர்களோ, பின்னால் வருகிறவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். அந்த ஐந்து பேரைப் பார்த்து எடுங்கள். இடம் காலியாகக் கிடக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம்.

சீனக்குடாவிலிருந்து: போயாவுக்கு எவ்வளவு பாரம், எவ்வளவு கயிறு? சிமெந்துக் கட்டி வார்த்துப் போட்டோம், இழுபட்டுப் போகிறது.

இழுபடத்தான் செய்யும். சிமெந்துக் கட்டி கடல்நீருக்குள் போனால் தன் எடையில் நாற்பது வீதத்துக்கு மேல் இழந்துவிடும். கரையில் 100 கிலோ, தண்ணீரில் 57 கிலோ அளவுதான். இரும்பு அப்படியில்லை, 100 கிலோ போட்டால் 87 கிலோ நிற்கும். பழைய லொறி எஞ்சின் கட்டை, இரும்புச் சில்லு கிடைத்தால் அதைப் போடுங்கள். எஞ்சின் கட்டையில் ஒயில் ஒரு சொட்டும் இல்லாமல் கழுவிவிட்டுத்தான்.

கயிறு விஷயத்தில் நம்முடைய துறைமுகத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. உலகத்திலேயே ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெருமையாகச் சொல்கிறோம். கொட்டியாரக்குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கே வந்து நுழைகிறது. கப்பலுக்கு அது வரம். பத்தொன்பது அடி போட்டுக்கு அது தலையிடி. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே சில இடங்களில் அடி சட்டென்று இறங்கிவிடும். நங்கூரத்துக்கு ஆழத்தைப் போல ஏழு மடங்கு கயிறு, முழுவதும் சங்கிலி என்றால் நாலைந்து மடங்கு என்பது பொதுக் கணக்கு. பத்து மீற்றர் ஆழத்தில் எழுபது மீற்றர் கயிறு விட்டால் படகு சுற்றும் வட்டத்துக்குள் பக்கத்துப் படகுகள் எல்லாம் அகப்படும். அதனால் நாலைந்து மீற்றர் ஆழமுள்ள திட்டைத் தேடிப் போயா போடுங்கள். ஈயக்குண்டு கட்டிய நூலால் ஒரு நாள் முழுக்க அளந்தாலும் அந்த நாள் வீண் போகாது.

கிண்ணியாவிலிருந்து: எங்கள் துறையில் மீன்பிடிக்காரரும் டைவிங் கூட்டிப்போகிறவர்களும் விடிந்தால் சண்டை. மீன் நாற்றம் என்று இவர்கள், வலைக்கு மேலால் ஓட்டுகிறார்கள் என்று அவர்கள். யார் பக்கம் நிற்பது?

யார் பக்கமும் நிற்க வேண்டாம், மணிக்கூட்டின் பக்கம் நில்லுங்கள். இரவு போன போட்டுகள் விடியற்காலையில் திரும்பும். ஐஸ் ஏற்ற, மீன் இறக்க, வலை உதற ஜெட்டி அவர்களுக்கு வேண்டும். சுற்றுலாப் பயணிகள் காலைச் சாப்பாடு முடித்துத்தான் வருவார்கள். எங்களிடம் எட்டு மணி வரைக்கும் ஜெட்டி மீன்பிடிக்காரருக்கு. எட்டுக்கு ஒருவர் குழாய் பிடித்துக் கழுவிவிடுவார். கழுவுகிறவருக்குக் கூலி சுற்றுலாப் போட்டுக்காரர் கொடுப்பது, தண்ணீர் பில் மீன்பிடிக்காரர் கொடுப்பது. இந்த ஒரு ஏற்பாட்டோடு பாதிச் சண்டை போய்விட்டது. இரண்டு பக்கமும் கை காசு போட்டிருப்பதால் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

வலைக்கு: விரித்தவர் இரண்டு முனையிலும் கொடி கட்டிய மிதவை போட வேண்டும். கொடி இருந்த வலையை வெட்டினால் போட்டுக்காரர் நட்டம் கட்ட வேண்டும். கொடி இல்லையென்றால் கதை இல்லை. இதை முதல் நாளே இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். சண்டை வந்த பிறகு எழுதும் சட்டத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

டைவிங்காரருக்கு ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துங்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கயிறு போட்டு இழுத்துவரப் போவது இந்த மீன்பிடிக்காரர்தான்.

துறையைச் சுத்தம் செய்யும் சிரமதானத்துக்கு நாள் குறிப்பதும் எங்களுக்கு இழுபறியாகத்தான் இருந்தது. வெள்ளி ஜும்மா, ஞாயிறு பூசை, பௌர்ணமிப் போயா நாள் பௌத்தர்களுக்குப் பன்சலை, செவ்வாய் கோயில். கடைசியில் சனி பின்னேரம் என்று வைத்தோம். பருப்பு வடையும் பிளேன்ரீயும் துறைக் கணக்கில். வடை இல்லாத சனிக்கிழமைகளில் வரவு எப்படி என்று கேட்காதீர்கள்.

நகரத்திலிருந்து: கூட்டாளி ஒருவர் நாலு மாதமாகக் கட்டணம் தரவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் வராமல் இருக்கத்தான் பற்றுச்சீட்டுப் புத்தகம். மாதத் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் சீட்டுப் போகட்டும், உங்கள் சொந்த மச்சானுக்கும் போகட்டும். பேரை எழுதிப் பலகையில் தொங்கவிடவோ எஞ்சினைக் கழற்றி வைக்கவோ வேண்டாம். எஞ்சினைப் பிடித்தால் அவர் உழைக்கமாட்டார், உழைக்காமல் எப்படித் தருவார்?

ஏன் தரவில்லை என்று பாருங்கள். சுற்றுலாப் போட் என்றால் நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடைக் காற்றால் வேலை இருக்காது. நாங்கள் அந்த மாதங்களுக்குப் பாதிக் கட்டணம் எடுத்து, மீதியை மே தொடக்கம் செப்ரெம்பர் வரை பிரித்துச் சேர்த்துவிடுகிறோம். பிறகு பாக்கி வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படியும் தராதவர் தரப்போவதில்லை. அவருக்கு ஒரு திகதி சொல்லி இடத்தை விடச் சொல்லுங்கள்.

மூதூரிலிருந்து: மாரிக்குப் போட்டை எப்படிக் காப்பாற்றுவது? போன வருடம் காற்றே இல்லாத இரவில் கட்டிய இடத்திலேயே தாண்டுபோனது.

காற்றில்லாத இரவில்தான் பல போட் தாழும். திறந்த பைபர் போட்டை அமிழ்த்துவது பெரும்பாலும் மழைத்தண்ணீர்தான். தானியங்கிப் பம்ப் பூட்டியிருக்கிறோம் என்று நிம்மதியாக வீட்டில் இருப்பார்கள். மூன்று நாள் விடாமல் பெய்தால் பற்றரி இறங்கிவிடும், பம்பும் நிற்கும். எஞ்சினின் பாரத்தால் பின்பக்கம் ஏற்கெனவே பதிந்திருக்கும், தண்ணீரும் அங்கேயே போய்ச் சேரும். பின்பலகைக்கு மேலால் ஒரு சின்ன அலை வந்தால் கதை முடிந்தது. நவம்பர் பிறந்ததும் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். போட்டைக் கரையேற்ற முடிந்தால் ஏற்றி, அடித்தக்கையை (அடியில் தண்ணீர் போகும் துளையின் அடைப்பை) திறந்துவிட்டு, அணியத்தை (முன்பக்கத்தை) கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். முடியாதவர்கள் மழை நாளில் ஒருவர் மாறி ஒருவர் போய் எல்லாப் படகுக்கும் தண்ணீர் இறைக்க வேண்டும். எங்களிடம் அதற்கு முறை அட்டவணை இருக்கிறது. அடுத்தவன் படகுக்குள் இறங்க முன்கூட்டியே அனுமதி எழுதி வாங்கிவிடுவோம். அது இல்லாவிட்டால் படகு தாழ்வதைப் பார்த்துக்கொண்டு நின்று போன் எடுக்க வேண்டிவரும்.

கயிறு அறுவது நடுவில் இல்லை. ஜெட்டி விளிம்பிலோ படகின் வளையத்திலோ உரசும் அந்த ஒரு சாண் இடத்தில்தான். கிட்டப் போய்ப் பாருங்கள், முதலில் நார் பஞ்சு மாதிரி மேலே கிளம்பி நிற்கும். பிறகு அந்த இடம் தட்டையாகி, கையால் நெரித்தால் உள்ளே வெறுமையாகத் தெரியும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை அரை முழம் வெட்டி, நீளவாக்கில் கீறி, அந்த இடத்தில் கயிற்றுக்கு மாட்டி இரண்டு முனையிலும் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். செலவு ஒன்றுமில்லை.

புயல் வரும் என்றால் கயிறு இரட்டிப்பு. பாய், கூரைச் சீலை, காற்றுப் பிடிக்கும் எல்லாவற்றையும் இறக்குங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருமலைக்கு வடக்கே கரையேறியபோது போல, ஒரு நாள் முன்னாலேயே எச்சரிக்கை வந்துவிடும். அந்த நாளைப் பயன்படுத்துங்கள். காற்று தொடங்கிய பிறகு எந்தப் படகுக்காகவும் ஜெட்டியில் நிற்கக் கூடாது. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள், பக்கத்திலேயே அம்புலன்சுக்கு 1990.

நிலாவெளியிலிருந்து: ஆடி மாதம் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறதே, புறாத்தீவுக்கு எட்டுக் குதிரைவலு எஞ்சினோடு போனால் என்ன?

தீவு ஒரு கிலோமீற்றர் அளவுதான், போய்விடலாம். திரும்பி வருவதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த மாதங்களில் அடிப்பது கச்சான் காற்று, தரையிலிருந்து கடலை நோக்கி. கரையோரம் அலை எழும்ப அதற்கு இடமில்லை, அதனால்தான் குளம் மாதிரித் தெரிகிறது. எஞ்சின் நின்றால் அதே காற்று உங்களை மெதுவாக வெளியே தள்ளும். போகப் போக அலை கூடும். அதற்கப்பால் வங்காள விரிகுடா. நங்கூரமும் நீளக் கயிறும் இல்லாமல் போகக் கூடாது. எஞ்சின் நின்ற உடனே, திருத்தப் பார்க்கும் முன்பே, நங்கூரத்தைப் போடுங்கள். தீவுக்குக் கிட்ட என்றால் மணலில் மட்டும். அது 2003 இல் இருந்து தேசிய பூங்கா, பவளப்பாறைக்கு மேல் நங்கூரம் போட்டால் வனசீவராசிகள் திணைக்களம் சும்மா விடாது, விடவும் கூடாது.

பெற்றோல் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள்.

பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம். படகின் அடியில் போய்த் தங்கும், மணத்தில் பிடிபடாமலும் இருக்கலாம். கானைக் கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். படகுக்குள் வைத்து ஊற்ற வேண்டாம். அந்த நேரம் சிகரெட், அடுப்பு, போன் ஒன்றும் வேண்டாம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 50:1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். கண்ணளவில் ஊற்றுகிறவரின் எஞ்சின்தான் திருத்தும் பாஸ்காரரிடம் அடிக்கடி போகும்.

ஒரு அம்மா: பிள்ளைகள் உங்கள் ஜெட்டியைச் சுற்றி நீந்தலாமா?

இல்லை அம்மா. ஜெட்டிக்குக் கரண்ட் இழுத்திருக்கிறோம். ஏதாவது படகில் வயர் பழுதாகித் தண்ணீருக்குள் மின் கசிந்தால் நீந்துகிறவரின் கை கால் இயங்காமல் போகும், பார்ப்பவர்களுக்கு ஏனென்றே விளங்காது. நன்னீர் கலந்த இடத்தில் ஆபத்து இன்னும் கூட, மாரியில் மகாவலித் தண்ணீர் கொட்டியாரக்குடாவில் மேலாகப் பரவி நிற்கும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் போட்டு மாதம் ஒருமுறை அமத்திப் பார்க்கிறோம். இருந்தாலும் நீச்சல் வேண்டாம். கடற்கரை இருக்கிறதே.

வெளிநாட்டுப் பாய்ப்படகு ஒன்று நேரே எங்கள் துறைக்கு வந்தால்?

மஞ்சள் கொடி பறந்தால் இன்னும் சுங்கம், குடிவரவு, சுகாதாரம் முடியவில்லை என்று அர்த்தம். யாரும் ஏற வேண்டாம், அவர்களை இறக்கவும் வேண்டாம். விஎச்எப் வானொலியின் 16 ஆம் சனலில் துறைமுகத்தைக் கூப்பிடச் சொல்லிக் கையைக் காட்டுங்கள். தேத்தண்ணி கொடுப்பதெல்லாம் கொடி இறங்கிய பிறகு.

கடைசியாக, ஆலங்கேணியிலிருந்து: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டும் நூறு வருகிறது. காற்று எச்சரிக்கை போட்டால் ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் காற்று, மழை, அறுந்த கயிறு, காணாமல்போன துடுப்பு, அவ்வளவுதான். அதில் நிர்வாகி மட்டும் எழுதலாம். மற்றதில் பூவும் பொங்கல் வாழ்த்தும் பெருநாள் வாழ்த்தும் எவ்வளவும் வரட்டும். முதலாவதில் எழுதும் உரிமையை ஒரு மீன்பிடிக்காரருக்கும் கொடுத்துவையுங்கள், காற்று மாறுவது உங்களுக்கு முன்னே அவருக்குத்தான் தெரியும்.