ஏற்றத்தில் டயர் சுழன்றால் முதலில் காலை எடுங்கள்

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன்பு மஹிந்திரா தார் வாங்கினேன். டீசல், மேனுவல் கியர், ஃபோர் வீல் டிரைவ். பன்னிரண்டு வருடமாக கார் ஓட்டினாலும் கரடுமுரடான பாதை பழக்கமில்லை. உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குப் போக ஓர் ஓடைக்கரை ஏற்றத்தைத் தாண்ட வேண்டும். மழைக்குப் பிறகு 4ஹெச் (நான்கு சக்கர இழுவை, ஹை கியர்) போட்டு ஏறினேன். பாதியில் நின்று டயர் குழி பறித்துவிட்டது. டிராக்டர் கட்டித்தான் இழுத்தோம். எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

பதில்: அங்கே இரண்டு தவறு நடந்திருக்கிறது. 4எல் (நான்கு சக்கர இழுவை, லோ கியர்) போட வேண்டிய இடத்தில் 4ஹெச் போட்டீர்கள். டயர் சுழன்ற பிறகும் ஆக்சிலரேட்டரை விடவில்லை. டயர் சுழன்றால் அதன் மேலுள்ள பட்டன் கட்டிகளின் இடுக்கில் சேறு அடைத்துக்கொண்டு டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். பிறகு அது ஏறாது, தோண்டத்தான் செய்யும். வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டால் எந்த ஃபோர் வீலும் உதவாது. சுழலத் தொடங்கிய நொடியிலேயே காலை எடுத்திருந்தால், வந்த தடத்திலேயே பின்னால் இறங்கியிருக்கலாம்.

4ஹெச் நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும், ஆனால் கியர் விகிதம் ரோட்டில் உள்ளதுதான். 4எல்லில் அது ஏறத்தாழ இரண்டரை மடங்கு தாழ்கிறது. வேகம் அந்த அளவுக்குக் குறையும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். 4எல் போட வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்க மிதித்து, சின்ன லீவரைத் தயங்காமல் இழுங்கள். விழவில்லையென்றால் வண்டியை ஓரடி உருட்டிவிட்டு மறுபடி இழுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் 4ஹெச்சும் வேண்டாம், 4எல்லும் வேண்டாம். இந்த வண்டியில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் (வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கர அமைப்பு) கிடையாது. வளைவில் முன்சக்கரம் கூடுதல் தூரம் உருள வேண்டும். இறுகிய தரையில் அதற்கு வழியில்லாமல் கியர்பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

பயிற்சியைத் தோப்பிலேயே, உழுத மண்ணில் தொடங்குங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி விடுவது குற்றம். சமதரையில் 4எல், முதல் கியர். கிளட்சை விட்டதும் இரண்டு காலையும் பெடல்களிலிருந்து எடுத்துவிடுங்கள். டீசல் என்ஜின் ஐடிலிலேயே வண்டியை நடத்திக்கொண்டு போகும். கார் ஓட்டிப் பழகியவருக்கு இதுதான் கஷ்டம். கால் தானாகக் கிளட்சைத் தேடும். ஹாஃப் கிளட்சில் ஏறினால் பத்து நிமிடத்தில் கருகல் வாசனை வரும்.

அடுத்து, தரையில் ஓர் அரைச் செங்கல்லை வைத்து, இடது முன் டயரை அதன்மேல் ஏற்றிப் பாருங்கள். ஒருவர் வெளியே நின்று சொல்லட்டும். சீட்டில் உட்கார்ந்தபடி டயர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவரை கல்பாதைக்குப் போகாதீர்கள். அங்கே கல்லை நடுவில் விட்டுத் தாண்டக் கூடாது, டயரைத்தான் அதன்மேல் ஏற்ற வேண்டும். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் முதலில் இடிபடும். ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை வளையத்துக்குள் கோக்காதீர்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் திடீரென்று திரும்பி விரலை முறித்துவிடும்.

டயர் காற்றைக் குறைப்பது பாதி வேலையை முடித்துவிடும். மண், கல் பாதைக்கு 22 முதல் 25 பி.எஸ்.ஐ., ஓடை மணலுக்கு 15 முதல் 18. அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று குறைந்த டயரோடு வேகம் போகாதீர்கள், ரோட்டுக்கு வந்ததும் நிரப்புங்கள். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் கம்ப்ரசர் வாங்குங்கள்; சிகரெட் சாக்கெட்டில் செருகுபவை இந்த அளவு டயருக்குத் திணறும்.

இனி உங்கள் ஏற்றம். முதலில் இறங்கி நடந்து பாருங்கள். செருப்பு வழுக்குகிற இடத்தில் டயரும் வழுக்கும். 4எல்லில் இரண்டாவது கியர், செங்குத்தாக இருந்தால் முதல் கியர். அடியிலேயே கியரை முடிவு செய்துவிட்டு, நேராக, ஒரே சீராக ஏறுங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள். ஒரு சக்கரம் தூக்கிச் சுழன்றால், பிரேக் மூலம் அதைப் பிடிக்கும் வசதி வேலை செய்ய ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணம் மட்டும் ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்திருங்கள். மெக்கானிக்கல் லாக் உள்ள வேரியன்ட்டில் பின்னால் 'டக்' என்று சத்தம் கேட்டு இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும்; பயப்பட வேண்டாம். அதன் பிறகும் நகரவில்லையென்றால் காலை எடுத்துவிடுங்கள்.

பாதியில் நின்றுவிட்டால் இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருங்கள். கால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஹேண்ட் பிரேக்கையும் போடுங்கள். என்ஜின் அணைந்திருந்தால் பிரேக்கை விடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போடுங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடியில் பின்பக்கத்தைக் கவனியுங்கள். பிரேக்கை விடுவதற்கு முன்பே கிளட்ச் கடிக்க வேண்டும். பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கால் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே கிளட்சையும் முழுக்க விடுங்கள். அதன் பின் இறங்கும் வேகத்தை என்ஜின் பார்த்துக்கொள்ளும். நியூட்ரலிலோ கிளட்சை மிதித்தபடியோ உருளவிட்டால் கட்டுப்படுத்த முடியாது. சரிவிலேயே வண்டியைத் திருப்ப ஒருபோதும் முயலாதீர்கள். பக்கவாட்டில் நின்ற வண்டி உருண்டுவிடும்.

முன்பக்கமாக இறங்கும்போதும் 4எல், முதல் கியர்தான். பின்பக்கம் ஒரு பக்கமாக நழுவினால் பிரேக்கை விட்டு, மூக்கைச் சரிவின் போக்குக்குத் திருப்பி, ஆக்சிலரேட்டரைத் துளி கொடுங்கள்; வண்டி நேராகும். குறுக்கே ஓடும் வாய்க்காலுக்கு மட்டும் விதி வேறு. அதை நேராகக் கடந்தால் பம்பர் இடிக்கும். சற்றுச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்ற வேண்டும்.

மண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். சரளை கலந்த செம்மண் மழை விட்ட சில மணி நேரத்தில் தாங்கும். கரிசல் தாங்காது. மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் பிசின் போல இருக்கும். நன்றாகக் காயும்வரை அந்தப் பக்கம் போகாமலிருப்பதுதான் நல்லது.

ஓடையில் தண்ணீர் இருந்தால் குச்சியோடு நடந்து ஆழம் பாருங்கள். இந்த வண்டிக்குச் சொல்லும் 650 மி.மீ. ஆழம் நிற்கும் தண்ணீருக்கானது. கற்கும் காலத்தில் அதில் பாதியோடு நிறுத்துங்கள். ஓடும் தண்ணீர் அந்த அளவைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். நடுவில் என்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

தனியாகப் போகாதீர்கள். மண்வெட்டி, இரண்டு சாக்கு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரப் பலகை, வண்டி எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்கும் நீளும் இழுவைப் பட்டை, தாங்கும் எடை அச்சிட்ட இரண்டு ஷாக்கிள் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்) ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும். சிக்கினால் நான்கு டயருக்கு முன்னாலும் மண்ணைச் சரிவாக வெட்டி எடுத்து, சாக்கையோ தென்னை மட்டையையோ செருகுங்கள். பெரும்பாலும் அதிலேயே வெளியே வந்துவிடும். பட்டையைக் கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்கும் பந்தில் மாட்டினால் அது உடைந்து குண்டு போலப் பாயும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆட்களை விலக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ரிம்மின் உட்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அங்கே அப்பிக் காய்ந்த சேறுதான் மறுநாள் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கக் காரணம். அலைன்மென்ட் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் பணம் செலவழிக்கிறார்கள்.