வீடியோ கேமில் வேண்டுமென்றே தொல்லை வைப்பது ஏன்?

"நினைத்த இடத்தில் சேவ் பண்ண (ஆடியதுவரை பதிந்து வைக்க) விடாமல், நடக்கவே கஷ்டப்படுத்துகிறார்களே, இது மோசமான டிசைன்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. நான் வியாசர்பாடியில் கேரம் ஆடி வளர்ந்தவன். ரெட் என்கிற சிவப்புக் காயைக் குழியில் போட்டால் மட்டும் போதாது, உடனே நம் காய் ஒன்றையும் ஃபாலோ போட வேண்டும், இல்லையென்றால் ரெட் மறுபடி போர்டு நடுவுக்கே வந்துவிடும். அந்தத் தொல்லையை எடுத்துவிட்டால் ரெட்டுக்கு என்ன மரியாதை?

1996-ல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேமில் டைப்ரைட்டர் இருக்கும் இடத்தில்தான் சேவ் பண்ண முடியும், ஒவ்வொரு தடவையும் ஒரு இங்க் ரிப்பன் செலவாகும், ரிப்பனோ கொஞ்சம்தான் கிடைக்கும். இப்போதே சேவ் பண்ணவா, இன்னும் ஒரு அறை பார்த்துவிட்டு வரவா என்று கை தயங்கும். அந்தத் தயக்கம்தான் பயம், ஜாம்பி எல்லாம் அப்புறம்தான். 2019-ல் வந்த டெத் ஸ்ட்ராண்டிங் என்ற கேமில் முதுகில் அடுக்கிய சுமை சாயாமல் ஆற்றைக் கடக்க வேண்டும். காசிமேட்டில் தலையில் மீன்கூடையோடு ஈரத்தரையில் நடப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு, நடப்பதே ஒரு முழு ஆட்டம் என்பது சட்டென்று புரியும்.

ஆனால் மொபைல் கேமில் 'காத்திரு, இல்லை காசு கட்டு' என்பது வேறு. அங்கே யோசிக்கவோ பழகவோ ஒன்றுமில்லை, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.